நான்காவது கீபோர்ட்

"அங்கிள், அடுத்த மாசம் சிங்கப்பூர்ல வேலைக்குப் போறேன்" என்றான் எங்கள் கீபோர்ட் பையன்.

சுங்கை பூலோவில் எங்கள் தேவாலய இளையோர் இசைக்குழுவைத் தொடங்கிய பன்னிரண்டு ஆண்டுகளில் இவன் நான்காவது ஆள். கைகுலுக்கி வாழ்த்தினேன். உள்ளுக்குள் கோபம்தான். ஒவ்வொருவனையும் பழக்கி எடுக்க எத்தனை சனிக்கிழமைகள்!

அன்றிரவு பழைய பெட்ரா கேசட்டைத் தேடி எடுத்தேன். அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் குழு. 1972இல் கிதார் கலைஞர் பாப் ஹார்ட்மன் நண்பர்களோடு தொடங்கியது. கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை. பெயர்தான் பாறை, ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பாடகர் கிரெக் வோல்ஸ் விலகியதும், 1986இல் ஜான் ஷ்லிட் வந்தார். போதைப் பழக்கத்தால் முந்தைய குழுவை இழந்தவர். அவருடைய கரகரத்த குரலோடு பெட்ரா 2005 வரை ஓடியது. என்னை உறுத்தியது வேறொன்று. தொடங்கிய ஹார்ட்மனே 1995இல் மேடைப் பயணங்களை நிறுத்திக்கொண்டு, பாட்டு எழுதித் தந்தார்.

நம் பக்கமும் இதே கதைதான். கேரளாவின் ரெக்ஸ்பேண்டில் கீபோர்ட் வாசித்த ஸ்டீபன் தேவஸ்ஸி, பிறகு ஏ.ஆர்.ரஹ்மானுக்கும் வாசித்தார். 'போகாதே தம்பி' என்று அன்று யாராவது கையைப் பிடித்திருந்தால்?

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்குத் தாமதமாகப் போனேன். பையன், பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்கு கார்ட்ஸ் காட்டிக்கொண்டிருந்தான். அவள் விரல் தப்பியது. திருத்த வாயெடுத்தேன், அதற்குள் அவனே திருத்திவிட்டான்.

நான் எல்லாருக்கும் தே தாரிக் வாங்கி வரப் போனேன்.