ஒப்புக்குச் சப்பாணி

தெருவில் விளையாடும் பிள்ளைகள் நமது மொழிக்குக் கொடுத்த சொற்களில் ஒன்று ‘ஒப்புக்குச் சப்பாணி’. ஓடினால் விழுகிறவன், வந்த பந்தைப் பிடிக்கத் தெரியாதவன், கிட்டிப்புள்ளை அடிக்கப் போய்க் காற்றையே அடிக்கிறவன் — இப்படி ஒருவன் எல்லாத் தெருவிலும் இருப்பான். அவனை விரட்டிவிடாமல், ‘சரி, நீயும் இருடா’ என்று சேர்த்துக் கொள்வார்கள். அவன் அவுட்டானாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. குழந்தைகளின் சட்டத்தில் இதற்குக் கருணை என்று பெயர். அந்த அளவுக் கருணைகூட நமது பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் இல்லை என்பதுதான் என் வழக்கு.

அந்தப் பையனை உங்களுக்குத் தெரியும். பெஞ்சியில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டான். நெளிவான், சாய்வான், பக்கத்தில் இருப்பவன்மேல் விழுவான். தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவான். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவான். ஒன்பது வயதாகியும் சைக்கிள் வராது. அவன் எழுத்தோ, கோழி கிளறிய குப்பை. இத்தனைக்கும் சேர்த்து நாம் அவனுக்கு ஒரே பட்டம் வைத்திருக்கிறோம்: ‘அடங்காதவன்.’

நான் மறுக்கிறேன். அவனிடம் இருப்பது அடங்காமை அல்ல. தன் உடம்பை நிமிர்த்தி, நிறுத்தி, நடத்திக் கொண்டு போவதே அவனுக்கு ஓர் உழைப்பாக இருக்கிறது. நமக்குத் தானாக நடக்கிற காரியத்தை அவன் முயன்று செய்ய வேண்டியிருக்கிறது. இதைப் புரிந்து கொள்ளாமல் அவனை அடிக்கிறோம். அடித்தது போதாதென்று, அவனுக்கு எது மிகவும் தேவையோ அதையே தண்டனையாகப் பிடுங்கிக் கொள்கிறோம்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய், இடப்புறம் திரும்பி மேடேறினால் குயிலாப்பாளையம் வரும். வானூர் வட்டத்துக் கிராமம். செம்மண், முந்திரித் தோப்பு, 1968-இல் தொடங்கிய ஆரோவில்லுக்குப் போகிற சாலை. அங்கே ஒரு டீக்கடை வாசலில் ஒரு தாய் தன் மகனைப் பற்றி என்னிடம் சொன்னாள்:

“ஒம்பது வயசாவுது சார், இன்னும் பொத்தான் போட வராது. பள்ளிக்கூடத்துல திமிருங்கறாங்க. வூட்ல அவங்கப்பாரு சோம்பேறிங்கறாரு. எனக்கு இன்னா தோணுதுன்னா, அவன் கை அவன் பேச்சையே கேக்க மாட்டேங்குது சார்.”

அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர வைத்திய சாஸ்திரத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் அமைதியற்ற, கவனம் நிற்காத பிள்ளைகளைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். அவர்களில் சிலருக்கு அறிவில் எந்தக் குறையும் இல்லை என்பதைக் கண்டவர் அவர். அப்படிக் கண்டும், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றுதான் அதற்குப் பெயர் வைத்தார். 1980-களில் ஸ்வீடன் நாட்டுக் கிறிஸ்டோஃபர் கில்பர்க், கவனக் குறைவும் உடல் இயக்கக் குறைவும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து நிற்பதைக் கவனித்து, இரண்டையும் இணைத்தே ஒரு பெயர் கொடுத்தார். 1994-இல் கானடாவில் கூடிய நிபுணர்கள், இயக்கக் குறைக்கு ‘வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் கோளாறு’ என்ற பெயரைப் பொதுவாக ஏற்றுக் கொண்டார்கள். ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படும் கவனக் குறைபாடு நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு இருப்பதாகக் கணக்கு. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த இயக்கக் குறையும் உண்டு. அதாவது, நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவன் நமது சப்பாணி.

உலகம் பெயரை மாற்றிவிட்டது. நாம் இன்னும் 1902-இலேயே நின்று ஒழுக்கம் போதித்துக் கொண்டிருக்கிறோம்!

‘உட்காருவதில் என்ன சிரமம் ஐயா?’ என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். எழுந்து, ஒற்றைக் காலில் நின்று, கண்களை மூடிக்கொண்டு, 17-ஐ 13-ஆல் பெருக்குங்கள். ஒன்று கணக்குத் தப்பும். இல்லாவிட்டால் கால் தப்பும். உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள திரவம் தலை திரும்புவதைச் சொல்லுகிறது. கண் ஒரு செய்தி சொல்லுகிறது. உள்ளங்காலும் மூட்டுகளும் தசைகளும் இன்னொரு செய்தி சொல்லுகின்றன. இவற்றையெல்லாம் ஒத்துப் பார்த்து, உடம்பைச் சரிக்கட்டுகிற வேலையில் பெரும்பங்கு சிறுமூளையுடையது. 2002-இல் அமெரிக்க அரசின் மனநல ஆய்வு நிறுவனத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், கவனக் குறைபாடுள்ள பிள்ளைகளின் சிறுமூளை, சராசரியாகப் பார்க்கையில், மற்றவர்களுடையதைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தது. இது சராசரிக் கணக்கே. ஒரு குழந்தையைப் படம் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல உதவாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறது: விஷயம் திமிரில் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பரிகாசம் செய்கிறோமே, இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல்தான். அந்தக் கூடம் தலைக்குள் இருக்கிறது.

விழுவதிலும் இரண்டு வகை உண்டு. பார்க்காமல் ஓடி விழுகிறவன் ஒருவன். பார்த்துப் பார்த்துக் கால் வைத்தும் விழுகிறவன் இன்னொருவன். முன்னவனுக்குக் கவனத்துக்கான மருந்து உதவலாம். பின்னவர்களில் சிலருக்கு அந்த மருந்தினால் கையெழுத்துக்கூடச் சீராகிறது. பலருக்கு அது மட்டும் போதுவதில்லை, தனிப் பயிற்சியும் வேண்டும். எது எது என்று பிரித்துச் சொல்ல டாக்டர் வேண்டும். பிரம்பு பிரித்துச் சொல்லாது. பெண் குழந்தைகளின் கதி இன்னும் மோசம். அவள் சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருப்பாள். தடுக்கி விழுந்தால் ‘பொம்பிளைப் பிள்ளைக்கு நடக்கத் தெரியவில்லை’ என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

‘நாங்களெல்லாம் அடிவாங்கித்தான் ஆளானோம்’ என்று ஒரு கட்சி இருக்கிறது. அடியாத மாடு படியாது என்பது அவர்களுடைய வேதம். ஆளானவர்கள் சாட்சி சொல்ல வருகிறீர்கள், சரி. ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை எறிந்துவிட்டு மாடு மேய்க்கப் போனவனும், ‘உதவாக்கரை’ என்ற பெயரோடு செத்துப் போனவனும் சாட்சி சொல்ல வருவதில்லையே! ‘அந்தக் காலத்தில் இந்த வியாதியெல்லாம் ஏது?’ என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில். வியாதி இருந்தது; பெயர்தான் வேறாக இருந்தது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, குழந்தையை அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அதே சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் இருக்கிறது, விளையாட்டுப் பீரியட் எங்கே? கணக்கு வாத்தியார் வாங்கிக் கொண்டுவிட்டார். ‘போர்ஷன் முடியவில்லை’ என்று சயின்ஸ் வாத்தியார் கடன் கேட்கிறார். மிச்சம் ஏதாவது இருந்தால், ‘வீட்டுக் கணக்குப் போடாதவன் உள்ளேயே உட்கார்’ என்று நமது பையனை மட்டும் நிறுத்தி வைக்கிறார்கள். இதைத்தான் முன்பு பிடுங்கிக் கொள்வது என்றேன். நடக்கக் கஷ்டப்படுகிறவனுக்கு நடையைத் தடை செய்வதற்குப் பெயர் தண்டனையா, மடமையா?

அந்தக் குயிலாப்பாளையத்தை ஒட்டியே வேறொரு பாடமும் நடக்கிறது. ஆரோவில் பள்ளிகளில் 1992 முதல், ‘உடல் வழியே விழிப்பு’ என்று பொருள்படும் ஒரு பயிற்சியை அலோகா மார்த்தி, ஜோன் சாலா என்ற இருவர் உருவாக்கினார்கள். மூச்சு, புலன்கள், நிமிர்ந்து நிற்றல், சமநிலை, கவனம் எல்லாம் அதில் பாடங்கள். அது வைத்தியம் அல்ல. நோயாளிக் குழந்தை என்று யாரையும் பொறுக்கி எடுப்பதும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் கற்றுக் கொள்கிற வகுப்பு. உடம்பையும் ஒரு பாடமாக மதித்தார்களே, அதைத்தான் நான் மெச்சுகிறேன்.

‘அதற்கெல்லாம் வெளிநாட்டுப் பணம் வேண்டும்’ என்பீர்கள். பாண்டிக் கட்டம் போட ஒரு கரித்துண்டு போதும். நொண்டிக்கு அதுவும் வேண்டாம். பச்சைக் குதிரை, பம்பரம், கயிறு தாண்டல் — ஒற்றைக் காலில் நிற்கவும், கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யவும் நமது பாட்டிமார் காலத்திலிருந்து நடந்த பள்ளிக்கூடங்கள் அல்லவா இவை? வேனில் ஏற்றி, வேனில் இறக்கி, டியூஷனில் அடைத்து, அவற்றை மூடிவிட்டோம்.

உடனே இன்னொரு ஜாதி வியாபாரி கடை விரிப்பார்: ‘எங்கள் சமநிலைப் பயிற்சியால் கவனக் குறைபாடு அடியோடு நீங்கும்!’ அதையும் நம்பாதீர்கள். இங்கிலாந்தில் டோர் என்ற தொழிலதிபர் சிறுமூளைக்குப் பயிற்சி என்று சொல்லி, பெரும் கட்டணத்துக்கு இதைத்தான் விற்றார். விஞ்ஞானிகள் ஆதாரம் போதாது என்றார்கள். 2008-இல் கம்பெனி நொடித்தது. 2019-இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், எந்தக் காரியம் வரவில்லையோ அந்தக் காரியத்தையே பழக்குங்கள் என்கிறது. சைக்கிளைப் பழகினால் சைக்கிள் வரும். பொத்தானைப் பழகினால் பொத்தான் வரும். துண்டு துண்டாகப் பிரித்து, பொறுமையாக, பலமுறை. இதில் மந்திரமும் இல்லை, பெரிய லாபமும் இல்லை. அதனால்தான் விளம்பரமும் இல்லை.

சர்க்காரிடமும் ஒரு கேள்வி. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளிடம் பரிசோதிக்க வேண்டிய குறைகளின் பட்டியலில் கவனக் குறைபாட்டைச் சேர்த்தது. இயக்க வளர்ச்சித் தாமதத்தையும் சேர்த்தது. நல்லது. ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் எண்ணிச் சொன்ன 21 குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி.யும் இல்லை, இயக்க ஒருங்கிணைப்புக் குறையும் இல்லை. ஒரு கையால் கண்டுபிடித்து மறு கையால் கைவிடுவது என்ன நியாயம்? பட்டியலில் பெயர் இல்லாத குழந்தையின் தாய், தேர்வில் கால்மணி நேரம் அதிகம் கேட்பதற்கும் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

சட்டம் திருந்துகிறவரை காத்திருக்க வேண்டாம். பெஞ்சியில் உட்காருகிற பையனின் பாதம் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொங்கினால் அடியில் ஒரு பலகை போடுங்கள். நின்றுகொண்டு எழுத முடிந்தால் நின்றே எழுதட்டும். கை தடுமாறினால் வாயால் பதில் சொல்லட்டும்; மதிப்பெண் அறிவுக்கா, பேனாவுக்கா? பந்து சிறிதாக இருந்து பிடிக்க முடியாவிட்டால் பெரிய பந்து கொடுங்கள். அவன் பிடித்தால் கட்சிக்கு ஒரு புள்ளி என்று எழுதுங்கள். விட்டால் ஒரு புள்ளி போயிற்று என்றும் எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில், விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்க வருவாரே, அவரிடம் ‘முடியாது’ என்று சொல்லுங்கள். தலைமையாசிரியர் சொல்லாவிட்டால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நீங்கள் சொல்லுங்கள்.