நம் கட்டிடத்தை நாமே நடத்தலாமா?

வேலூரிலும் ஆம்பூரிலும் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. முன்பெல்லாம் வீடு என்றால், தரை முதல் கூரை வரை ஒருவருக்கே சொந்தம். இப்போது அப்படி அல்ல. கதவுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது. கதவுக்கு வெளியே இருப்பது எல்லோருடையது. படிக்கட்டு, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் பொதுச் சொத்து.

அதைக் கவனிப்பது யார்? வீட்டுக்காரர்களின் சங்கம். இதற்காக 1994-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. பிறகு 2022-ம் ஆண்டில் இயற்றிய புதிய சட்டம், 2024-ல் அமலுக்கு வந்தது.

சங்கத்தை வீட்டுக்காரர்களே நடத்துவதா? பணம் கொடுத்து ஒரு கம்பெனியிடம் விட்டுவிடுவதா?

நாமே நடத்த வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால், எல்லா வேலையையும் நாமே செய்யக் கூடாது!

மோட்டார் ஓடவில்லை!

"நமக்கு ஏது நேரம்? கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்ளட்டும்" என்று பலர் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் ஓடவில்லை என்று வையுங்கள். கம்பெனிக்காரர் வேறு ஊரில் இருப்பார். கீழ்வீட்டு அம்மா, "மேல்வீட்டு பாய், கொஞ்சம் என்னவென்று பாருங்களேன்" என்று உங்கள் கதவைத்தான் தட்டுவார். தண்ணீர் இல்லாவிட்டால், தவிப்பது அங்கே குடியிருப்பவர்தானே? தவிப்பவருக்குத்தான் அக்கறை இருக்கும்.

கணக்கும் அப்படித்தான். யாரும் பார்க்காத கணக்கு, மாதத்துக்கு மாதம் வளரும்.

தோல் தொழில் தரும் பாடம்

பொதுச் சொத்தைச் சொந்தக்காரர்களே நடத்துவது நம் பகுதிக்குப் புதிது அல்ல.

தோல் ஷாப்புகளுக்குத் தனித்தனிச் சுவர் உண்டு. ஆனால், அவற்றின் கழிவுநீர் கெடுத்தது ஒரே பாலாற்றை. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில், 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஒவ்வொரு தோல் ஷாப்பும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். தனியாகவோ, பொதுவாகவோ சுத்திகரிப்பு நிலையம் வைத்தாக வேண்டும் என்றது.

சிறிய முதலாளியால் தனியாக நிலையம் கட்ட முடியுமா? முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தொழிலதிபர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். தாங்களே கம்பெனி அமைத்துப் பொது நிலையங்களை நடத்தினார்கள். ஒற்றுமையின் பலம் அது.

ஆனால், 2015-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி என்ன நடந்தது? ராணிப்பேட்டையில் ஒரு பொது நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கழிவு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள்!

பாலாற்றின் துயரமும் தீரவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும்படி 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் உத்தரவிட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? செலவைக் குறைக்க நினைப்பவரே, சுவர் பலமாக இருக்கிறதா என்றும் சொல்லக் கூடாது. அதைச் சொல்ல வேறொரு கண் வேண்டும்.

ஆளை இறக்காதீர்கள்!

உங்கள் கட்டிடத்திலும் ஒரு தொட்டி இருக்கிறது. அது நிரம்பிவிட்டது. "லாரி எதற்கு? ஓர் ஆளை இறக்கினால் செலவு குறையுமே" என்று ஒருவர் சொல்வார். சங்கக் காரியதரிசி தலையை ஆட்டிவிடக் கூடாது. உள்ளே இருப்பது விஷவாயு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடைக்குள் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 30 லட்சம் கொடுத்தாலும், அந்த வீட்டுக்கு அப்பா திரும்பி வருவாரா?

என்ன செய்யலாம்?

சங்கத்தை நீங்களே நடத்துங்கள். மாதக் கணக்கை எழுதி, படிக்கட்டு அருகே ஒட்டுங்கள். பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். ஒருவரே ஆண்டுக்கணக்கில் காரியதரிசியாக இருக்க வேண்டாம். கூட்டத்துக்குப் பெண்களையும் அழையுங்கள். தண்ணீர் எந்த நேரத்தில் நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால், லிப்டு, மின்சாரம், தொட்டி ஆகிய மூன்றையும் தேர்ந்தவர்களிடம் விடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, கட்டிடத்தில் குடியிருக்காத ஒருவரைக் கொண்டு கணக்கைத் தணிக்கை செய்யுங்கள்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வடத்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர், அந்த வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும்!