சூயிங்கம்: பயப்பட வேண்டியது வயிற்றுக்கு அல்ல!

போன வாரம் காலையிலேயே பதறியடித்துக்கொண்டு வந்தார் ஓர் இளம் தாய். இடுப்பில் மூன்று வயதுப் பையன். "டாக்டர், சூயிங்கத்தை முழுங்கிட்டான். குடல்ல ஒட்டிக்குமாமே! மாமியார் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்றாங்க..."

"ஒண்ணும் கொடுக்காதேம்மா. ரெண்டு மூணு நாள்ல தானா மலத்தோட வந்துடும்" என்று அனுப்பி வைத்தேன். பேதி மருந்து எங்கள் சித்த வைத்தியத்தில் உண்டுதான். அதற்காக எதற்கெடுத்தாலும் பேதிக்குக் கொடுப்பதா?

சூயிங்கம் ஜீரணமாகாது என்பது நிஜம். ஆனால், ஒன்றிரண்டு உள்ளே போனால் குடலில் ஒட்டாது. தினமும் விழுங்குகிற பழக்கம்தான் ஆபத்து. நாளுக்கு ஐந்து, ஏழு என்று மென்று விழுங்கிவந்த நாலரை வயதுச் சிறுவனுக்கு, அது உருண்டு திரண்டு மலத்தையே அடைத்த கதையை 1998-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது.

என் கவலை வயிறு அல்ல, தொண்டை! சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது. வழவழவென்று பிசுபிசுக்கும் சூயிங்கம் அங்கே போய் அடைத்தால் எடுப்பது கஷ்டம். அதனால் நான்கு வயதுக்குள் கூடவே கூடாது.

பிறகு எப்போது? வயதை மட்டும் பார்க்காதீர்கள். "மென்னுட்டுத் துப்பு" என்றால் துப்பத் தெரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேல்தான் அந்தப் பக்குவம் வரும். அப்போதும் சர்க்கரை இல்லாததாக, நாளுக்கு ஒன்று போதும். சர்க்கரை உள்ளது பல்லைச் சொத்தையாக்கும். சர்க்கரை இல்லாததும் அளவு மீறினால் வயிற்றுப்போக்கைத் தரும். ஓடும்போதும் படுத்திருக்கும்போதும் மெல்லவே விடாதீர்கள்.

தப்பித்தவறி தொண்டையில் சிக்கிவிட்டால்? குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால், முன்பக்கமாகக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். உடனே 108-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும்.

ஆமாம், அந்தப் பையனுக்கு சூயிங்கத்தை யார் கொடுத்தார்கள் தெரியுமா? சில்லறை இல்லையென்று கடைக்காரர் கொடுத்ததாம்! கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. "எனக்கு சில்லறையே கொடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டியது நாம்தானே?