வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறா?

"வீட்டுச் சாப்பாட்டுக்கு எதுக்குங்க காசு?" ஊரை விட்டு வந்து கொல்கத்தாவில் குப்பை கொட்டும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. என் கட்சி வேறு. காசு கொடுக்கத்தான் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். திட்டுவதானால் கடைசியில் திட்டலாம்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காக. 'சப்பர் கிளப்' என்பது ஹோட்டல் இல்லை. ஒருவர் தன் வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் ஒரு வேளை சமைத்துப் பரிமாறுவது. முன்பதிவும் முன்பணமும் உண்டு. சீசன் முடிந்தால் கடையும் கட்டியாச்சு, அதனால் 'பாப்-அப்'. மும்பையில் 2014-ல் தொடங்கிய 'தி போரி கிச்சன்' இதில் பேர் போனது. ஒரு போரா முஸ்லிம் குடும்பம், முன்பின் தெரியாதவர்களைத் தங்கள் வீட்டுப் பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார வைத்துச் சோறு போட்டது. மகன் முனாஃப் கபாடியா இதற்காக கூகுள் வேலையை விட்டார். சமைத்தது அவர் அம்மா.

கொல்கத்தாவில் இதற்குத் தோதான பருவம் குளிர்காலம். 'நொலேன் குர்' என்கிற ஈச்ச வெல்லம் அப்போதுதான் வரும். சாயங்காலம் மரத்தில் பானையைக் கட்டி, விடிவதற்குள் சாற்றை இறக்கிக் காய்ச்சிவிட வேண்டும். வெயில் ஏறினால் புளித்துவிடும். நம் பதநீர், கருப்பட்டிக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்களேன். என்ன, நம் பனைக்கு வெயில் காலம், இவர்கள் ஈச்ச மரத்துக்குப் பனிக்காலம்.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, தெற்கு கொல்கத்தாவில் ஒரு வீட்டுக்கு நான், தங்கமணி, மகள் மூவரும் போனோம். தலைக்கு 1,500 ரூபாய். நாங்கள் சைவம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். எல்லோரும் 'மாஷிமா' என்றுதான் கூப்பிட்டார்கள். பச்சைப் பட்டாணி பூரணம் வைத்த கசோரி, தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பு, பருப்பை அரைத்து வில்லை போட்டுச் செய்த தோகார் டால்னா, கோபிந்தபோக் அரிசிச் சோறு. கடைசியில் ஈச்ச வெல்லப் பாயசமும் பாட்டிஷாப்டாவும். மெல்லிசாக வார்த்த தோசைக்குள் தேங்காய்ப் பூரணத்தை வைத்துச் சுருட்டினால் அதுதான் பாட்டிஷாப்டா. தூத் புலி வந்ததும் மகள், "அப்பா, இது நம்ம பால் கொழுக்கட்டை!" என்று கத்த, மாஷிமாவும் தங்கமணியும் அரைகுறை ஹிந்தியில் அரை மணி நேரம் கொழுக்கட்டை ஆராய்ச்சி நடத்தினார்கள். இந்த ஊரில் ஒன்பது வருஷம் இருக்கிறோம். ஒரு வங்காளி அடுப்படி வரை தங்கமணி போனது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "ஆயிரத்து ஐந்நூறா? பகல் கொள்ளை சார்!" என்றார்.

நமக்குத் தொழில் கணக்குதானே, போட்டுப் பார்ப்போம். மாஷிமாவே மறைக்காமல் சொன்ன விவரம். பன்னிரண்டு பேர், வரவு 18,000. சாமான் 5,500 (கலப்படமில்லாத ஈச்ச வெல்லம் மலிவில்லை ஐயா). உதவியாள் கூலி 1,500. காஸ், வாடகைப் பாத்திரம், இத்யாதி 1,000. மீதி 10,000. மாஷிமாவும் அவர் நாத்தனாரும் ஆளுக்கு இரண்டரை நாள் உழைப்பு. ஆக, ஒரு நாளுக்கு ஒருவருக்கு 2,000 ரூபாய். நாற்பது வருஷக் கைப்பக்குவத்துக்கு இது கொள்ளையா? வீட்டுக்கு வரும் ஏசி மெக்கானிக்கிடம் நாம் இப்படிக் கேட்பதில்லையே.

நமக்கு உறுத்துவது தொகை இல்லை. வீட்டுப் பெண் செய்யும் சமையல் ஓசி என்ற பழக்கம்தான். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் அதற்கு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு. எந்த லெட்ஜரிலும் பதிவாகாத உழைப்பு.

சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வாருங்கள். ஊர் பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இதே கதைதான். 150 இலை. முதல் நாள் ராத்திரியே ஆறு பெண்கள் காய் நறுக்க உட்காருவார்கள். ஹாலுக்கு வாடகை, மைக் செட்டுக்கு வாடகை, பந்தலுக்குக் காசு. சமைத்தவர்களுக்கு? மேடையில் ஒரு பொன்னாடை. கீழே ஒருவர், "சாம்பார்ல உப்பு தூக்கல்" என்பார்.

'விலை வைத்தால் விருந்தோம்பல் செத்துவிடும்' என்று சிலர் சொல்வார்கள். வள்ளுவர் அதற்கு ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார், வாஸ்தவம். நாமே விரும்பி அழைத்த நாலு பேருக்குச் சோறு போடுவது விருந்து. அதில் காசுப் பேச்சே கூடாது. 150 பேருக்கு, கமிட்டி தீர்மானம் போட்டுச் சமைப்பது வேலை. வேலைக்குக் கூலி உண்டு.

அதனால் இரண்டு யோசனை. ஒன்று, சங்கத்து வரவு செலவில் 'சமையல் ஊதியம்' என்று ஒரு வரி எழுதுங்கள். இலைக்கு ஐம்பது ரூபாய் கூட வைத்தால் 7,500 ரூபாய், ஆறு பேருக்கும் ஆளுக்கு 1,250. வேண்டாம் என்பவர் திருப்பிக் கொடுக்கட்டும். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர், நாம் அல்ல.

இரண்டாவது, கைமணம் உள்ள நம் பெண்கள் மார்கழியில் நாலு சனிக்கிழமை இப்படி நடத்திப் பார்க்கட்டும். திருவாதிரைக் களியும் ஏழு கறிக் கூட்டும் போட்டால், இட்லி தோசையோடு நம்மை முடித்துவிட்ட பக்கத்து வீட்டு வங்காளி கதவைத் தட்டிக் கொண்டு வருவார். சிறிய அளவில் சமைத்து விற்பவருக்குப் பெரிய லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் 2011-லேயே வழி வைத்தன. பாத்திரம் பண்டத்துக்கு முதல் வேண்டுமென்றால், 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கேட்கலாம். (வங்கிக்காரன் புத்தி, மன்னிக்கவும்!)

தை பிறப்பதற்குள் உங்கள் சங்கத்துக் கூட்டத்தில் முதல் யோசனையைக் கேட்டுப் பாருங்கள். யார் யார் முகம் எப்படிப் போனது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.