தெங்குமரஹாடா: காசோலையோடு முடியாத கணக்கு

மாயாற்றில் தண்ணீர் ஏறினால் தெங்குமரஹாடாவுக்கு வெளியுலகம் இல்லை. பவானிசாகரிலிருந்து காட்டுவழியே வரும் பேருந்து அக்கரையில் நின்றுவிடும், மிச்சத்துக்குப் பரிசல்தான். ஆனாலும் இது காட்டை ஆக்கிரமித்து முளைத்த ஊரல்ல. நாடு உணவுக்குத் தவித்த காலத்தில் விளைச்சலைப் பெருக்க அரசே முனைந்து, வனநிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து, 1948-இல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்தின் பெயரில் உருவாக்கிய ஊர். அன்று உழச் சொன்ன அரசு இன்று, புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறீர்கள், கிளம்புங்கள் என்கிறது.

495 குடும்பங்கள், தலா 15 லட்சம் ரூபாய், ஆக 74.25 கோடி. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் இதைத் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெருக்கல் சரிதான். ஊரைத்தான் அப்படிப் பெருக்கிவிட முடியாது. சங்க நிலத்தில் மஞ்சளும் வாழையும் போட்டவர், அதே நிலத்தில் கூலிக்குப் போனவர், சங்கம் வருமுன்பே இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த இருளர் ஆகிய மூவரும் இழப்பது ஒன்றல்ல.

இடம்பெயர்வே கூடாது என்பது நம் வாதமல்ல. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் பென்னை, நெல்லிக்கரை, மண்டக்கரை போன்ற ஊர்களில் நிலம் வைத்திருந்த செட்டிமார், யானையோடு மல்லுக்கட்டிச் சலித்து, வெளியேற வழி கேட்டு நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் விட்டுவந்த வயல்களில் இன்று மானும் காட்டெருமையும் மேய்கின்றன. காட்டுக்கு அது லாபம்தான், மறுப்பதற்கில்லை.

நட்டப்பட்டவர்கள் அதே வயல்களில் நாற்று நட்ட பணியர் பழங்குடியினர். செட்டிமாருக்கு மாறிக்கொள்ள வேறு தொழிலும் உறவும் இருந்தன. பணியர்களுக்குக் கையில் வந்தது 10 லட்சம் என்ற எண். அதைச் சுற்றி நிலத்தரகர்கள். வாங்கிய நிலம் தரமற்றது, பணத்தின் பெரும்பகுதி இடையிலேயே போய்விட்டது என்று புகார்கள் எழுந்தன, வழக்கும் பதிவானது. ஒரே ஊரில் இருந்தவர்கள் ஒரே தொகையோடு வெளியேறி இரண்டு வெவ்வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இதே முதுமலையின் கிழக்கே சீகூர் பகுதியில் நடந்தது வேறு கதை. யானைவழித்தடத்தில் எழுந்த 27 சொகுசு விடுதிகளை 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில்தான் பூட்ட முடிந்தது. விடுதிக்கு வழக்கறிஞர் உண்டு. இருளர் குடிசைக்கு யார் உண்டு?

மையப் பகுதியிலிருந்து யாரையும் நகர்த்தும் முன் வன உரிமைகளைத் தீர்மானிக்க வேண்டும், கிராம சபை ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது சட்டம். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் 2011-இல் சோளகர் பழங்குடியினரின் சமூக வன உரிமைகள் ஏற்கப்பட்டன. அதனால் அங்கே புலி அற்றுப்போய்விடவில்லை. ஆனால் 2024 ஜூனில் புலிகள் ஆணையம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், மையப் பகுதிகளில் மீதமிருக்கும் 591 கிராமங்களை, 64,801 குடும்பங்களை விரைந்து நகர்த்தச் சொல்கிறது. விரைவு என்ற சொல்தான் அச்சமூட்டுகிறது. முதுமலையில் பணியர்கள் ஏமாந்ததும் விரைவில்தான்.

ஆகவே தமிழக அரசு தெங்குமரஹாடாவில் முதலில் இருளர் வன உரிமை மனுக்களை முடிக்கட்டும். நிலமற்ற குடும்பங்களுக்குப் பணத்தைக் கையில் திணிக்காமல், பாசனமுள்ள நிலத்தை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதிந்து கொடுத்த பிறகே வீட்டைக் காலி செய்யச் சொல்லட்டும். போக விரும்பாதவர் இருந்தால் அவர் பெயரும் பட்டியலில் தனியே வரட்டும். காலியாகப் போகும் ஊர்தானே என்று பள்ளிக்கு ஆசிரியர் போடாமலும் பேருந்தைக் குறைத்தும் மெல்ல மூச்சுமுட்ட வைப்பது சம்மதம் வாங்கும் முறையல்ல. கடைசிக் குடும்பம் கிளம்பும் நாள்வரை ரேஷன் கடையும் செவிலியரும் அங்கே இருக்க வேண்டும்.