கண்ணைக் காப்பவை படப்புள்ளிகளா?

'4கே திரை வாங்கினால் பிள்ளைகளின் கண் கெடாது' என்கின்றனர் விற்பனையாளர்கள். அதை நம்பி, பள்ளிக் கணினி அறைக்கும் அத்திரைகளே வேண்டும் என்கின்றனர் பெற்றோர் சிலர். இதனை நான் வன்மையாக மறுக்கிறேன்.

இயல்பான பார்வையுள்ள கண், 60 சென்டிமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்தறியும். 24 அங்குல முழு எச்டி திரையில் ஒரு படப்புள்ளியின் அளவு 0.28 மில்லிமீட்டர், அதே அளவு 4கே திரையில் 0.14. ஆகவே 'ணி', 'ஞி' போன்ற எழுத்துகளின் சுழிகள் 4கே திரையில் கூர்மையாகத் தெரியும் என்பது உண்மையே. ஆனால், எழுத்தின் கூர்மை வேறு. கண்ணின் நலம் வேறு.

திரையை உற்றுப் பார்க்கையில் இமைப்பது குறைகிறது, கண் உலர்கிறது. படப்புள்ளி பெருகினால் இமைப்பும் பெருகுமா? நெடுநேரம் அருகில் பார்ப்பதும் வெளியே விளையாடாமையும் கிட்டப்பார்வைக்கு முக்கியக் காரணங்கள். 2001இலேயே கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிய சிங்கப்பூரும் பிள்ளைகளை வெளியே விளையாடத்தான் சொல்கிறது.

எழுத்தைப் பெரிதாக்குங்கள். திரையை ஒரு கை நீளம் தள்ளி வையுங்கள். 20 நிமிடத்திற்கு ஒருமுறை தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். மாலையில் திடலுக்கு அனுப்புங்கள். இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் அரும்பாடுபட்டுத் திரட்டும் பணம் பள்ளி நூலகத்திற்குப் போகட்டும்.

சிந்திப்போம், பிறகு செலவிடுவோம்.