சாதி உள்நாட்டு விவகாரமா?

ஜூஜுவாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். மொழி மாறும். வாடகைக்கு வீடு கேட்டால் வரும் கேள்வி மட்டும் மாறாது: "நீங்க என்ன ஆளுங்க?" சாதி எல்லை தாண்டும். சாதியைப் பற்றிய நம் பேச்சு மட்டும் நாட்டு எல்லையைத் தாண்டக்கூடாதாம்.

1946-ல் தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் ஒடுக்கப்படுவதை இந்தியா ஐ.நா. பொதுச்சபையில் எழுப்பியது. அது தன் உள்நாட்டு விவகாரம் என்றது தென்னாப்பிரிக்கா. இந்தியா ஏற்கவில்லை. சரியான நிலைப்பாடு.

2001-ல் அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு. சாதியையும் பேசுங்கள் என்று தலித் அமைப்புகள் கேட்டன. சாதி இனமல்ல, அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு! அன்று தென்னாப்பிரிக்கா சொன்ன அதே பதில். மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை.

ஆனால் இந்தியா 1968-ல் ஏற்ற இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல் இருக்கிறது. அதில் சாதியும் அடங்கும் என்று 2002-ல் ஐ.நா. குழுவே சொல்லிவிட்டது.

ஓசூர் சரக்கு கடல் கடக்கலாம், நம் புகார் கடக்கக்கூடாதா? தோழர்களே, வெளியுறவுக் கொள்கை டெல்லிக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டாம். வெளியே நம் பெயரில் யார், என்ன பேசுகிறார்கள் என்று கேட்போம்.